மாத்திரைக் கணக்கு

வாசகர்கள் முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குதான். ஓர் ஊரில் 392 பேர் வசிக்கிறார்கள். அந்த ஊரிலுள்ள ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு வருஷ காலத்தில் ஏறக்குறைய 90 லட்சம் வலி நிவாரண மாத்திரைகள் வந்து இறங்குகின்றன. அப்படியானால், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை மாத்திரை?

விடை, முப்பதுக்கு மேல். தொட்டிலில் கிடக்கும் குழந்தை முதல் கோல் ஊன்றி நடக்கும் கிழவர் வரையில், ஒருவர் பாக்கியில்லாமல், தினம் முப்பது மாத்திரை விழுங்கினால்தான் அந்தச் சரக்குச் செலவாகும்!

இது வேடிக்கைக்காகக் கற்பித்த கணக்கு அல்ல. அந்த ஊருக்குக் கெர்மிட் என்று பெயர். ஐக்கிய அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில், மிங்கோ ஜில்லாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப் பிரதேசத்தில் அது இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் அத்தனை மாத்திரை எதற்கு? அயலூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் கார்களில் வந்து, கடை வாசலில் வரிசை பிடித்து நின்று வாங்கிப் போனார்கள். அவர்களில் மெய்யான வலிக்காக வாங்கியவர்களும் உண்டு. மாத்திரை இல்லாமல் ஒரு பொழுதும் கழியாது என்ற நிலைக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. வாங்கி வேறொருவருக்கு விற்றவர்களும் உண்டு.

கள்ளச் சாராயம், கஞ்சா, அபினி இவைகளைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவை இருட்டில் காய்ச்சப்பட்டு, இருட்டில் கைமாறுகிறவை. ஆனால் கெர்மிட்டுக்கு வந்த மாத்திரைகள் பட்டப்பகலில் வந்தவை. அவற்றைச் செய்த தொழிற்சாலைக்கு லைசென்ஸ் உண்டு. கொண்டுவந்து இறக்கிய மொத்த வியாபாரிக்கு லைசென்ஸ் உண்டு. விற்ற கடைக்கு லைசென்ஸ் உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்தவர் பட்டம் பெற்ற டாக்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பெட்டி மாத்திரையும் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போயிற்று என்ற கணக்கு சர்க்காருடைய ஏட்டில் பதிவாகியிருந்தது. இந்தக் கதையில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த ஏட்டைத்தான்.

அபினியின் பேரப்பிள்ளை

அபினிச் செடியின் காயைக் கீறினால் பால் வடிகிறது. அது உறைந்தால் அபினி. அதிலிருந்து எடுக்கும் சத்துக்களில் ஒன்று மார்பீன். வேறொரு சத்திலிருந்து ஜெர்மன் ரசாயன நிபுணர்கள் 1916-ம் வருஷத்தில் ஆக்ஸிகோடோன் என்னும் மருந்தைத் தயாரித்தார்கள். ஹைட்ரோகோடோன் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவையெல்லாம் மூளையிலும் முதுகுத் தண்டிலும் வலியை உணரச் செய்யும் இடங்களைப் போய்ப் பற்றிக்கொண்டு வலியை அடக்குகின்றன. கூடவே ஒருவகைச் சுகத்தையும் கொடுக்கின்றன. நாளடைவில் உடம்பு பழகிப்போகிறது. நேற்று ஒரு மாத்திரையால் கிடைத்த நிவாரணத்துக்கு இன்று இரண்டு வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் உடம்பு நடுங்குகிறது, குடல் புரளுகிறது, தூக்கம் போய்விடுகிறது. அளவு மீறினாலோ, மூச்சு விடவேண்டும் என்பதையே மூளை மறந்துவிடுகிறது. தூங்கினவர் எழுந்திருப்பதில்லை.

வைத்தியர்கள் இதையெல்லாம் நெடுங்காலமாக அறிந்தவர்களே. ஆகையினால் இந்த மருந்துகளைப் புற்றுநோய் முதலிய கடுமையான வியாதிகளுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கும் மாத்திரமே எழுதிக் கொடுத்து வந்தார்கள். அந்தத் தயக்கம் பெரிய வியாபாரத்துக்குக் குறுக்கே நின்றது.

பர்டூ என்னும் கம்பெனி 1996-ம் வருஷத்தில் ஆக்ஸிகான்டின் என்ற பெயரில் ஒரு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. உள்ளே இருந்தது பழைய ஆக்ஸிகோடோன்தான். ஆனால் அது ஒரேயடியாகக் கரையாமல் பன்னிரண்டு மணி நேரம் சிறுகச் சிறுகக் கரையும்படி செய்திருந்தார்கள். மெதுவாகக் கரைவதால் இதைத் துர்உபயோகம் செய்வது குறையும் என்று நம்பப்படுவதாக, மருந்துடன் வரும் குறிப்பிலேயே அச்சிடுவதற்குச் சர்க்காரின் உணவு மருந்து இலாகா அநுமதி கொடுத்தது. அந்த அநுமதியைப் பரிசீலித்த அதிகாரி, பிற்பாடு அதே கம்பெனியில் உத்தியோகம் ஏற்றுக்கொண்டார்.

மாத்திரையை மென்றாலோ, நசுக்கிப் பொடி செய்தாலோ, பன்னிரண்டு மணி நேரச் சரக்கு முழுவதும் ஒரே கணத்தில் உடம்பில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய ரசாயன ஞானம் வேண்டியிருக்கவில்லை. மலைநாட்டு வாலிபர்கள் சீக்கிரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஐந்து வாக்கியம்

அபினிக் குடும்பத்து மருந்தினால் அடிமைத்தனம் வராது என்று டாக்டர்களை நம்ப வைத்தது எப்படி? இந்த இடத்தில் ஒரு சிறிய கடிதம் பிரவேசிக்கிறது.

1980-ம் வருஷம் ஜனவரி மாதம், நியூ இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில், பாஸ்டன் நகரைச் சேர்ந்த இருவர் எழுதிய கடிதம் ஒன்று வெளியாயிற்று. மொத்தம் ஐந்தே வாக்கியம். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு இத்தகைய மருந்து ஒரு தடவையாவது கொடுக்கப்பட்டதாகவும், அவர்களில் 4 பேர் மாத்திரமே அதற்கு அடிமையானதாகக் குறிப்பு இருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. ஆஸ்பத்திரியில், நர்ஸின் கண்பார்வையில், வேளைக்கு எண்ணிக் கொடுத்த மருந்தைப் பற்றிய செய்தி அது. வீட்டுக்குப் புட்டி புட்டியாக வாங்கிப்போய் மாதக் கணக்கில் விழுங்குவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஐந்து வாக்கியம் பின்னால் பெரிய ஆராய்ச்சி நூலைப் போலப் பேசப்பட்டது. மருத்துவக் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அதை எடுத்துக் காட்டின. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள், அடிமையாகிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே என்று டாக்டர்களிடம் ஒப்பிக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டார்கள். 2017-ம் வருஷத்தில் அதே பத்திரிகையில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டிய 608 கட்டுரைகளைத் தேடிப் பிடித்தது. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை, அடிமைத்தனம் அபூர்வம் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்பதை நூற்றுக்கு எண்பது கட்டுரைகள் சொல்லவேயில்லை! படிக்காமலே மேற்கோள் காட்டும் வழக்கம் பண்டிதர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைத்திருந்தோம். வைத்தியர்களும் சளைத்தவர்கள் அல்லர் என்று தெரிகிறது.

கம்பெனி வேறு காரியங்களிலும் கைகட்டி இருக்கவில்லை. 1996-க்கும் 2001-க்கும் இடையில் நாற்பதுக்கு மேற்பட்ட மகாநாடுகளை உல்லாச ஸ்தலங்களில் கூட்டிற்று. ஐயாயிரத்துக்கு அதிகமான டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களும் நர்ஸுகளும் அவற்றுக்குக் கம்பெனியின் செலவிலேயே போய்வந்தார்கள். தொப்பி, பொம்மை, சங்கீதத் தட்டு என்று மருந்தின் பெயர் பொறித்த பரிசுகள் வழங்கப்பட்டன. முதல் தடவை இனாமாக வாங்கிக்கொள்வதற்குச் சீட்டுக்கூட அச்சடித்துக் கொடுத்தார்கள். பலன் உடனே தெரிந்தது. 1996-ல் 4 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த விற்பனை, 2000-ம் வருஷத்தில் ஏறக்குறைய 110 கோடி டாலருக்கு ஏறிவிட்டது.

முதல் எச்சரிக்கைகள்

இந்தப் பிரசார வெள்ளம் முதலில் பாய்ந்த இடங்களில் ஒன்று, நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள அப்பலேச்சியா மலைநாடு. அங்கே முதுகு ஒடிய உழைத்து, நிஜமாகவே முதுகு ஒடிந்தவர்கள் அதிகம். சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையற்றவர்களும் அதிகம். வலி இருந்தது, வறுமை இருந்தது, மாத்திரைக்கு விலையும் இருந்தது.

வர்ஜீனியாவின் மேற்குக் கோடியில் ஒரு சிற்றூரில் வைத்தியம் செய்துவந்த ஆர்ட் வான் ஸீ என்ற டாக்டர் இந்த ஆபத்தை நேரில் கண்டார். தாம் சிறுவயது முதல் சிகிச்சை செய்துவந்த பிள்ளைகளே மாத்திரைக்கு அடிமையாகி வருவதைப் பார்த்து, கம்பெனிக்கும் சர்க்காருக்கும் மன்றாடினார். 2001-ம் வருஷத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் பாரி மையர் இந்த விஷயத்தைத் துருவி எழுதத் தொடங்கினார். 2003-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். துர்உபயோகம் செய்கிறவர்கள்தான் குற்றவாளிகள், மருந்து அல்ல என்பது கம்பெனியின் பதில்.

2007-ம் வருஷத்தில் கம்பெனியின் ஒரு பிரிவு, அடிமைத்தன அபாயத்தை மறைத்து மருந்தைப் பற்றித் தவறான விளம்பரம் செய்ததாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கும் அதன் மூன்று தலைமை உத்தியோகஸ்தர்களுக்கும் சேர்த்து 63 கோடி டாலருக்கு மேல் அபராதம். சிறைக்கு ஒருவரும் போகவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு வியாபாரம் பழையபடி நடந்தது. ஒரு சில்லறைத் திருடனுக்குக் கிடைக்கும் மரியாதைகூட நியாயத்துக்கு அன்று கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது.

ஒரு சிறு பத்திரிகையின் பிடிவாதம்

செய்தவனைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார் அல்லவா? அவர்தான் மொத்த வியாபாரி. அமெரிக்காவில் மருந்து விநியோகத்தின் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகளின் கையில் இருந்தது: மக்கெஸ்ஸன், கார்டினல் ஹெல்த், அமெரிஸோர்ஸ்பெர்கன். இவை உலகத்திலேயே பெரிய கம்பெனிகளின் வரிசையில் சேர்ந்தவை. அளவுக்கு மீறி எந்தக் கடையாவது இத்தகைய மருந்தைக் கேட்டால், சந்தேகத்துக்குரியது என்று சர்க்காருக்கு அறிவிக்க வேண்டியது இவர்களுடைய சட்டபூர்வமான கடமை.

மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரான சார்ல்ஸ்டனில் கெஜட்-மெயில் என்று ஒரு பத்திரிகை. அதில் எரிக் அயர் என்று ஒரு நிருபர். ராஜ்ய சர்க்கார் மொத்த வியாபாரிகள்மீது 2012-ல் ஒரு வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வழக்கில் எந்தக் கம்பெனி எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்பியது என்ற விவரங்கள் இரகசியமென்று முத்திரையிடப்பட்டிருந்தன. வியாபார இரகசியம் வெளியானால் தொழில் கெட்டுவிடும் என்பது கம்பெனிகளின் வாதம். ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது அது எப்படி இரகசியமாகும் என்று பத்திரிகை கோர்ட்டுக்குப் போயிற்று. முத்திரையை உடைக்கச் செய்தது. அதோடு நில்லாமல், போதை மருந்து அமுல் இலாகா ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பியிருந்த கணக்குகளையும் அயர் தேடிப் பெற்றார்.

2016-ம் வருஷம் டிஸம்பர் மாதம் அவருடைய கட்டுரைகள் வெளியாயின. ஆறு வருஷ காலத்தில் மேற்கு வர்ஜீனியாவுக்குள் வந்த ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் மாத்திரைகள் 78 கோடி. ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவருக்கும் 433 மாத்திரை விகிதம். அதே ஆறு வருஷத்தில் இந்த இரு மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அந்த ராஜ்யத்தில் மாண்டவர்கள் 1,728 பேர். கெர்மிட்டின் கணக்கும் அந்தக் கட்டுரைகளில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் அவர் எழுத்தால் வெளிவந்தது. சந்தேகத்துக்குரிய கொள்முதல்களைப் பற்றி ராஜ்யத்தின் மருந்துக்கடைக் கண்காணிப்புச் சபைக்கு அறிக்கைகள் வந்துதான் இருந்தன. அவை பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டன. விசாரிக்கவும் இல்லை, போலீஸுக்கு அனுப்பவும் இல்லை. அறிக்கையை வாங்கிப் பெட்டியில் போட்டதோடு கடமை தீர்ந்தது என்று சபை கருதியதாகத் தெரிகிறது. நம் ஊர்க் கச்சேரிகளில் காகிதங்களுக்கு நேரும் கதி நமக்குப் புதிதல்லவாகையால், வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொத்த வியாபாரிகள் சொன்ன சமாதானத்தையும் சொல்லிவிடுவது நியாயம். "லைசென்ஸ் உள்ள டாக்டர் எழுதினார், லைசென்ஸ் உள்ள கடைக்காரர் கேட்டார், நாங்கள் கொண்டு போய்க் கொடுத்தோம்" என்பதே அது. டாக்டரைக் கேட்டால் நோயாளி வலி என்று சொன்னதாகச் சொல்வார். கடைக்காரரைக் கேட்டால் டாக்டரின் சீட்டைக் காட்டுவார். கம்பெனியைக் கேட்டால் சர்க்காரின் அநுமதியைக் காட்டும். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரைக் காட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுகிறவன் செத்தவன் ஒருவனே. அவனால் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது.

2017-ம் வருஷம் ஏப்ரலில் அயருக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. அடுத்த ஜனவரியில் அந்தப் பத்திரிகை கடன் தாளாமல் திவாலாயிற்று. பிறகு வேறொரு பத்திரிகைக் கம்பெனி அதை வாங்கி நடத்தலாயிற்று. கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிகளைக் கணக்குக் கேட்ட பத்திரிகைக்குத் தன் வீட்டுக் கணக்கைச் சரிக்கட்ட முடியவில்லை.

தேசத்தின் பேரேடு

ஒரு ராஜ்யத்தின் கணக்கு வெளிவந்தது. மற்ற ராஜ்யங்களின் கணக்கு? அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைச் செய்கிறவர்களும் மொத்தமாக விற்கிறவர்களும் ஒவ்வொரு கைமாற்றத்தையும் போதை மருந்து அமுல் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தேசம் முழுவதற்குமான பேரேடு அந்த இலாகாவில் இருந்தது. அதை வெளியிடக்கூடாதென்று கம்பெனிகள் மட்டுமல்ல, சர்க்காரே வாதாடிற்று! வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும், கெஜட்-மெயிலை வாங்கிய புதிய சொந்தக்காரர்களும் கோர்ட்டில் விடாமல் போராடி, 2019-ம் வருஷம் ஜூலையில் அதைத் திறக்கச் செய்தார்கள். 2006 முதல் 2012 வரை ஏழு வருஷத்தில் தேசமெங்கும் விநியோகமான மேற்படி மாத்திரைகள் 7,600 கோடி.

இதற்கு முன்பே, 2017 அக்டோபரில், வாஷிங்டன் போஸ்ட்டும் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியும் சேர்ந்து வேறொரு துப்பை வெளியிட்டிருந்தன. சந்தேகத்துக்குரிய விநியோகத்தை உடனே தடுத்து நிறுத்த அமுல் இலாகாவுக்கு இருந்த அதிகாரத்தைப் பலவீனப்படுத்தும் சட்டம் ஒன்று 2016-ல் காங்கிரஸ் சபையில் எதிர்ப்பேயின்றி நிறைவேறியிருந்தது. அதைக் கொண்டுவந்த பிரமுகர்தான் போதைப் பொருள் தடுப்பின் தலைமைப் பதவிக்கும் நியமிக்கப்பட இருந்தார். செய்தி வெளியான சில தினங்களுக்குள் அவர் பின்வாங்கிக்கொண்டார்.

ஏடு திறந்த பிறகு வழக்குகள் நகர ஆரம்பித்தன. பர்டூ கம்பெனி 2019-ல் திவால் மனுப் போட்டது. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் சொந்தக்காரர்களான ஸாக்லர் குடும்பத்தினர் அதற்கு முன்பே 1,000 கோடி டாலருக்கு மேல் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரைத் தாங்கியிருந்த கலைக்கூடங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பெயரை அகற்றின; நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலை 2021-ல் அகற்றியது. குடும்பத்தினரை இனி எவரும் வழக்குத் தொடராமல் காக்கும் சமரசத் திட்டத்தை 2024 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளிற்று. 2025 ஜனவரியில் 740 கோடி டாலருக்குப் புதிய சமரசம் அறிவிக்கப்பட்டது. மூன்று மொத்த வியாபாரிகளும், ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியும் 2,600 கோடி டாலர் கொடுக்க 2022-ல் உடன்பட்டிருந்தார்கள்.

பணத்தைக் கொடுத்தார்கள், உயிரைக் கொடுக்க யாரால் ஆகும்? 2010-ல் ஆக்ஸிகான்டினை நசுக்க முடியாதபடி மாற்றியமைத்தார்கள். அதற்குள் அடிமையாகிவிட்டவர்கள் மலிவாகக் கிடைத்த ஹெராயினைத் தேடிப் போனார்கள். பிறகு அதைவிடப் பன்மடங்கு உக்கிரமான ஃபென்டனில் கள்ளச் சந்தைக்கு வந்தது. 1999 முதல் 2022 வரையில் இந்த வகை மருந்துகளாலும் போதைப் பொருள்களாலும் அமெரிக்காவில் மாண்டவர்கள் 7 லட்சத்துக்கு மேல்.

நம் நாட்டு முத்திரை

'செல்வம் கொழுத்த தேசத்தின் வியாதி, நமக்கென்ன?' என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். அவர்கள் கவனத்துக்கு இன்னொரு துப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அயல்நாட்டுக் கம்பெனி அல்ல.

2025 பிப்ரவரியில் பி.பி.ஸி. ஸ்தாபனத்தின் நிருபர்கள் ஒரு விசாரணையை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளின் தெருக்களில் ஒருவகை மாத்திரை தாராளமாக விற்பனையாகிக்கொண்டிருந்தது. டாபென்டடால் என்ற வலி நிவாரணியையும், அடிமைப்படுத்தும் தன்மையுள்ள காரிஸோப்ரோடால் என்ற மருந்தையும் சேர்த்துச் செய்த மாத்திரை அது. இந்தக் கலவைக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் அநுமதி கிடையாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடைத்து உயிர் போகும். கானாவின் டமாலே நகரில் இந்த மாத்திரையால் வாலிபர்கள் பாழாவதைக் கண்டு பொறுக்க முடியாமல், ஊர்க்காரர்களே தொண்டர்படை அமைத்து, விற்பவர்களைத் தேடிப் பிடித்துச் சரக்கைக் கொளுத்தினார்கள். அந்தப் பொட்டலங்களில் இருந்த முத்திரை பம்பாயைச் சேர்ந்த அவியோ என்னும் மருந்துக் கம்பெனியுடையது.

நிருபர் ஒருவர் வியாபாரி போல் வேஷம் போட்டுக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே போனார். அதன் டைரக்டர்களில் ஒருவர், இது மிகவும் தீங்கானது என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் இக்காலத்தில் இதுதான் வியாபாரம் என்று சொன்னதை இரகசியக் காமிராவில் படம் பிடித்துவிட்டார். செய்தி வெளியான சில தினங்களுக்குள் இந்திய சர்க்கார் அந்தக் கலவையைத் தயாரிப்பதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் தடை விதித்தது; தொழிற்சாலையும் சோதனையிடப்பட்டது.

ஒரு காலத்தில் கங்கைக் கரையில் விளைந்த அபினியைப் பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பெட்டியில் அடைத்து, கல்கத்தாவில் ஏலம் போட்டு, சீன தேசத்துக்குப் போகவிட்டது வெள்ளைக்காரக் கம்பெனி. சீனச் சக்கரவர்த்தி தடுத்தபோது பீரங்கிக் கப்பல்களை அனுப்பி 1839-ல் யுத்தமும் தொடுத்தார்கள். அந்தப் பாவத்தை நம் மண்ணில் செய்தார்களே என்று நம் பெரியோர்கள் மனம் கொதித்துப் பேசினார்கள். இன்று கப்பலும் நம்முடையது, கம்பெனியும் நம்முடையது, லைசென்ஸும் நம்முடையது. இதை வேறு யார் தலையில் சுமத்துவது? சுதந்திர நாட்டின் முத்திரை ஓர் ஏழை நாட்டுப் பிள்ளையின் கையில் விஷமாகப் போய்ச் சேருமானால், அந்த முத்திரைக்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள்தான்.

நம் வீட்டுக் கணக்கு

ஒரு விஷயத்தைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. வலி நிவாரண மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாகாணங்களில் சர்க்கார் லைசென்ஸுடன் அபினி பயிரிடுகிறார்கள். அப்படியிருந்தும், 1985-ம் வருஷத்துப் போதை மருந்துச் சட்டத்தின் கெடுபிடிகளால், புற்றுநோயால் துடிக்கும் ஏழைக்கு மார்பீன் கிடைப்பது வெகுகாலம் குதிரைக் கொம்பாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. மருந்தைப் பூட்டி வைப்பதும் பாவம். வாரி இறைப்பதும் பாவம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கில்தான் அது அமிர்தமாவதும் விஷமாவதும் இருக்கிறது.

அந்தக் கணக்கு நம் நாட்டிலும் இருக்கிறது. மருந்துச் சட்ட விதிகளில் ஹெச்-1 என்று ஓர் அட்டவணை 2014 முதல் அமுலில் இருக்கிறது. டிராமடால், கோடீன், அல்பிரஸோலாம் முதலிய வலி, இருமல், தூக்க மருந்துகளும், சில கடுமையான கிருமி நாசினிகளும் அதில் அடங்கும். இவற்றை விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதிய டாக்டரின் பெயர் விலாசம், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்தரில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருந்து, கேட்கும் அதிகாரிக்குக் காட்ட வேண்டும். மருந்தட்டையின்மேல் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும்.

ஆகையால் குடும்பஸ்தர்கள் இன்றே சில காரியங்களைச் செய்யலாம். வீட்டு அலமாரியைத் திறந்து, தாத்தாவின் மூட்டு வலிக்கும் பாட்டியின் தூக்கத்துக்கும் வாங்கிய அட்டைகளில் அந்தச் சிவப்புக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை நாளைக்கு என்று டாக்டர் எழுதினார், இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். நாள் கணக்குத் தப்பியிருந்தால் டாக்டரிடம் போங்கள். பழகிப்போன மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மிஞ்சின மாத்திரைகளைப் பிள்ளைகள் கையில் படும்படி வைக்காதீர்கள். சீட்டில்லாமல் இத்தகைய மருந்தைக் கொடுக்கும் கடைக்காரர் உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைக்காதீர்கள். உங்களுக்குக் கொடுக்கிறவர் உங்கள் மகனுக்கும் கொடுப்பார்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. கெர்மிட்டில் ஏடு இல்லாமல் போகவில்லை; எழுதாமலும் போகவில்லை. எடுத்துப் படிப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. நம் ஜில்லாவில் இந்த மருந்துகள் எவ்வளவு இறங்குகின்றன, எத்தனை கடைகளின் ரிஜிஸ்தர்கள் சென்ற வருஷம் பார்வையிடப்பட்டன, எத்தனை கடைகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் பிரஜைகள் ஒவ்வொருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு தாள் மனுவும் போதும். நம் ஊர்ப் பத்திரிகை நிருபர்களும், கலாசாலை மாணவர்களும், மாதர் சங்கங்களும் அந்த மனுவை எழுதிப் போடட்டும். வரும் பதிலை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாமல், உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.